விமானத்தின் வண்ணக்கோலம்: கணிப்பொறியில் ஒரு மீட்பு

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஹைதராபாத் பேகம்பேட் விமான நிலையத்தில் நடைபெற்ற விமானக் கண்காட்சியில், ஏர் இந்தியா நிறுவனத்தின் முதலாவது ஏர்பஸ் ஏ-350 விமானம் புதிய வண்ணத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மூன்று மாதங்கள் கழிந்து, ஏப்ரல் 22-ஆம் நாள், அதே நிறுவனத்தின் 'ஆக்ரா' என்னும் போயிங் 747 விமானம் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. அது பயணிகளை ஏற்றிச் செல்லவில்லை. பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுவதற்காகச் சென்றது. மேலெழுந்தவுடன் விமானி அதன் சிறகுகளை இருபுறமும் அசைத்து விடைபெற்ற காட்சியைப் பலர் படம் எடுத்தனர். சாளரந்தோறும் சிவப்பு வளைவு தீட்டிய 'வானத்து அரண்மனை'களின் வரிசை அத்துடன் முடிவுற்றது.

விமானத்தின் மேனியில் காணப்படும் நிறம், கோடு, எழுத்து, சின்னம் ஆகிய அனைத்தும் சேர்ந்த தொகுப்பை 'லிவரி' என்பர். இக்கட்டுரையில் அதனை வண்ணக்கோலம் என்று குறிப்பிடுவோம். மறைந்துபோன வண்ணக்கோலங்களைக் கணிப்பொறியில் இயங்கும் விமான சிமுலேட்டர்களில் மீண்டும் தீட்டுவது இன்று உலகெங்கும் இளைஞர் பலர் ஈடுபட்டிருக்கும் ஒரு பணி. இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் காட்சி வரலாறு முழு உருவில் எஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதை அறிந்தால் நம் கருத்து மாறக்கூடும்.

ஹைதராபாத்துக்கு இதில் தனித்த தொடர்பு உண்டு. 1945-இல் நிஜாம் அரசின் ரயில்வேயும் டாட்டா நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் பேகம்பேட்டைத் தலைமையிடமாகக் கொண்டு டி.சி.-3 விமானங்களை இயக்கியது. 1953 ஆகஸ்ட் 1-ஆம் நாள் விமானப் போக்குவரத்து தேசியமயமானபோது, இந்தியன் ஏர்லைன்ஸில் இணைக்கப்பட்ட எட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கான மத்தியப் பயிற்சி நிலையத்தையும் இந்நகரிலேயே நடத்தியது. அங்கிருந்த சிமுலேட்டர்களுக்கு வெளி வண்ணம் தேவைப்படவில்லை. உள்ளே அமர்ந்திருக்கும் விமானி தன் விமானத்தின் புறத்தோற்றத்தைக் காண்பதில்லை அல்லவா? வெளியே நின்று பார்க்கும் ஆசை, வீட்டுக் கணிப்பொறியில் பறப்பவர்க்கே உரியது.

சுவடின்றி மறையும் கலை

1946-இல் பாபி கூகாவும் ஓவியர் உமேஷ் ராவும் உருவாக்கிய மகாராஜா உருவத்தை அறியாதவர் இலர். 1971-இல் 'எம்பரர் அசோகா' என்னும் முதல் போயிங் 747 வந்தபோது, அதன் சாளரங்களைச் சுற்றி ராஜஸ்தானத்து அரண்மனை 'ஜரோக்கா' மாடங்களின் வடிவில் சிவப்பு வளைவுகள் தீட்டப்பட்டன. 1989-இல் பொன்னிறச் சக்கரம் பொறித்த செந்நிற வாலுடன் வேறொரு கோலம் அறிமுகமாயிற்று. அது வரவேற்பைப் பெறாததால் பழைய கோலமே திரும்பியது. ஆரஞ்சு நிற வாலுக்குப் பெயர்பெற்ற இந்தியன் ஏர்லைன்ஸ், 2005 டிசம்பரில் 'இந்தியன்' எனப் பெயர் மாறி, கோனார்க் சக்கரத்தை வாலில் ஏற்றது. 2007-இல் ஏர் இந்தியாவுடன் இணைந்ததும் அதுவும் அழிந்தது. 1981-இல் தொடங்கிய வாயுதூத் 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது.

ஒவ்வோர் இணைப்பின்போதும் நிகழ்வது ஒன்றே. பழைய வண்ணம் சுரண்டப்படுகிறது, அல்லது அதன்மேல் புதியது பூசப்படுகிறது. ஏர் இந்தியா பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களும் சிற்பங்களும் தனியாரிடம் செல்லாமல் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு ஒப்படைக்கப்பட்டன. நல்ல முடிவு அது. ஆனால் நாட்டிலேயே மிகுதியான மக்கள் கண்ட ஓவியம் விமானத்தின் மேல் இருந்தது. அது உலோகத்துடன் போயிற்று.

தட்டைப் படமும் உருண்ட உடலும்

ஹைதராபாத்தின் கிழக்கே, உப்பலை அடுத்த தொழிற்பகுதியான நாச்சாரத்தில் வாழும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் 'எம்பரர் அசோகா'வை மீட்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது விமானத்தின் முப்பரிமாண வடிவம். அதன் மேற்பரப்பு, தையற்காரர் வெட்டிய துணித் துண்டுகளைப் போலப் பிரித்து விரிக்கப்பட்டு, ஒரு தட்டையான சதுரப் படமாக அவர் முன் இருக்கும். அப்படத்தின்மேல் அவர் தீட்டுவதை மென்பொருள் மீண்டும் உடலின்மேல் போர்த்துகிறது. கட்டம் போட்ட துணியில் சட்டை தைப்பவர் பையும் உடலும் சேருமிடத்தில் கட்டத்தோடு கட்டம் பொருந்தப் பார்ப்பதுபோல, மூக்கிலிருந்து வால்வரை ஓடும் கோடு துண்டுகள் சேரும் இடங்களில் முறியாமல் செல்ல வேண்டும். கூம்பி வளையும் மூக்குப் பகுதியில் தட்டைப் படத்தில் நேராக வரைந்த கோடு உடலின்மேல் வளைந்து தோன்றும். நேராகத் தோன்ற வேண்டுமானால் வளைத்து வரைய வேண்டும். தொடக்கக்காரர் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

அடுத்த சிக்கல் கணக்கைப் பற்றியது. இவ்வகைப் போயிங் 747-இன் நீளம் 70.66 மீட்டர். இந்நீளம் முழுவதும் 4096 படப்புள்ளிகள் கொண்ட படத்தில் அடங்குமாயின், ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டரைக் குறிக்கும். சாளர வளைவின் மெல்லிய சிவப்புக் கோட்டுக்கு இரண்டு மூன்று புள்ளிகளே கிடைக்கும். அருகில் சென்று பார்த்தால் படிக்கட்டுபோல் தெரியும். எனவேதான் உடலைப் பல படங்களாகப் பிரிக்கின்றனர். சாளரங்களுக்கு இடையே உள்ள தொலைவு 20 அங்குலம், அதாவது 50.8 சென்டிமீட்டர். மேற்கூறிய அளவில் இது 29.45 புள்ளிகள். ஒரு வளைவை வரைந்துவிட்டு, 29 புள்ளிக்கு ஒன்றாகப் படியெடுத்துக்கொண்டே போனால், எண்பதாவது சாளரத்தில் பிழை 36 புள்ளிகளாகிவிடும். அஃதாவது 60 சென்டிமீட்டருக்கு மேல். வளைவு தன் சாளரத்தைவிட்டு அடுத்த சாளரத்தையும் கடந்து நிற்கும்! ஆகவே ஒவ்வொரு வளைவையும் அதற்குரிய சாளரத்தை அளந்தே பொருத்த வேண்டும்.

எழுத்து மற்றொரு சோதனை. நினைவகத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பழைய மாதிரிகள் பலவற்றில் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே படத்தைப் பகிர்ந்துகொண்டன. ஏர் இந்தியா விமானங்களிலோ நெடுங்காலம் ஒருபுறம் ஆங்கிலத்திலும் மறுபுறம் தேவநாகரியிலும் பெயர் எழுதப்பட்டிருந்தது. பகிர்ந்த படத்தில் இதைக் காட்ட இயலாது. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாகும். மேலைநாட்டுத் தேவையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட மென்பொருளில் இருமொழி நாடு ஒன்றின் விமானம் இடம்பெறத் தடுமாறியது சிந்திக்கத்தக்கது.

நிறத்துடன் பளபளப்பும் இப்போது தனிப் படங்களாகத் தரப்படுகிறது. எந்தப் பகுதி உலோகம், எது பூச்சு, எது எவ்வளவு சொரசொரப்பு என்பதை அவை மென்பொருளுக்குச் சொல்லும். எழுபதுகளின் விமானங்கள் பலவற்றின் அடிவயிறு வண்ணம் பூசாத மெருகேற்றிய அலுமினியம். அதைச் சாம்பல் நிறத்தால் நிரப்பிவிடுவது எளிய தவறு.

நிறத்துக்குச் சாட்சி

அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு? வெப்ப மண்டல வெயிலில் சில ஆண்டுகள் நின்ற வண்ணம் வெளிறிப்போகும். புகைப்படமோ அதைவிட நம்பத்தகாத சாட்சி. பழைய வண்ணப் பிரதிகளில் நீலச்சாயல் முதலில் மங்கிவிடும்போது படம் முழுவதும் செம்மை ஏறிக் காணும். அதிலிருந்து நிறத்தை அப்படியே எடுப்பவர் பிழையையே எடுக்கிறார். வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பகுதியை முதலில் வெள்ளையாக்கி, அதற்கேற்ப மற்ற நிறங்களைத் திருத்துவதே முறை. டெக்கான் ஏர்வேஸ் காலத்துக் கறுப்பு-வெள்ளைப் படங்களில் இதற்கும் வழியில்லை. கால அட்டவணை, பயணச்சீட்டு, பெட்டியில் ஒட்டிய சீட்டு போன்ற அச்சுப் பொருள்களைத் தேட வேண்டியிருக்கும். ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்களின் நினைவும் உதவும். ஆனால் நினைவு நிறத்தை அழகுபடுத்தும் இயல்புடையது.

இவற்றோடு நாளும் முக்கியம். 'எம்பரர் அசோகா' 1978 ஜனவரி 1-ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். அதன் பதிவெண்ணாகிய வி.டி.-இ.பி.டி.யைத் தாங்கிய உருவத்தில் 1978-க்குப் பிந்திய எந்தக் குறியும் இருத்தலாகாது. இத்தகைய விமானத்தைப் பொழுதுபோக்கு மென்பொருளில் பறக்கவிடலாமா என்று கேட்போர் உண்டு. அது ஏழாண்டு பணிபுரிந்த விமானம் என்பதையும் மறக்கலாகாது என்பதே என் கருத்து. விபத்தை நடித்துக் காட்டுவது வேறு, விமானத்தைப் பதிவு செய்வது வேறு.

சிறப்பு வண்ணக்கோலங்கள் இன்னும் விரைவில் மறைகின்றன. 2018-இல் விஸ்தாரா நிறுவனம் ஒரு ஏ-320 விமானத்தை நாற்பதுகளின் டாட்டா ஏர்லைன்ஸ் கோலத்தில் தீட்டியது. 2024 நவம்பரில் அந்நிறுவனமே ஏர் இந்தியாவில் இணைந்துவிட்டது. 2019-இல் காந்தியடிகளின் 150-ஆம் பிறந்த ஆண்டுக்காக ஏர் இந்தியா விமானம் ஒன்றின் வாலில் அவருடைய உருவம் இடம்பெற்றது. 2023-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அறிவித்த வால் ஓவியங்களில் காஞ்சிபுரம் பட்டும் கலம்காரியும் உண்டு. நெசவாளரின் கைவண்ணம் விமானத்தில் ஏறிய இக்கோலங்களை அவை பறக்கும்போதே அளந்து, படமெடுத்து வைப்பது, முப்பது ஆண்டு கழித்துத் தேடுவதைவிட எளிது.

அலுவலகங்களின் பங்கு

1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களோடு, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கழகங்களையும் தழுவியது. ஆவணம் என்பது கோப்பு மட்டுமன்று. கணிப்பொறி உருவாக்கியவையும் அதில் அடங்கும் என்று அச்சட்டம் கூறுகிறது. வண்ணம் பூசுவதற்கான அளவு வரைபடம், வண்ண எண், எழுத்தின் உயரம் குறித்த குறிப்பு ஆகியவை பொறியியல் பிரிவின் தாள்கள் என்பதால் ஆவணக் காப்பகத்தின் நினைவுக்கு வராமல் போகின்றன. ஒரு கழகம் இணைக்கப்படும்போதோ விற்கப்படும்போதோ தயாரிக்கும் பட்டியலில் இவற்றுக்கு ஒரு வரி ஒதுக்கினால் செலவு ஏதுமில்லை.

சின்னங்கள் வணிகக் குறியீடுகள் என்பதால், மாதிரிகளை விற்க எண்ணுவோர் உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். கற்பதற்காகச் செய்து பகிர்வோரும், இஃது அதிகாரபூர்வமானதன்று என எழுதி வைத்தல் முறை. புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு ஃப்ளைட்கியர் என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் மூல நிரலும் திறந்தே உள்ளது. 747-ஐவிட டி.சி.-3 தொடங்குவதற்கு ஏற்றது, சாளரங்கள் குறைவு. முடித்த படத்துடன் ஒரு சிறு குறிப்புக் கோப்பையும் இணைக்க வேண்டும். எந்தப் பதிவெண், எந்த ஆண்டு, எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தது, எந்தப் பகுதி ஊகத்தால் நிரப்பப்பட்டது என்பனவற்றை அதில் எழுதி வைத்தால், பின்னர் சரியான வரைபடம் ஒன்று எங்கேனும் கிடைக்கும்போது, அடுத்து வருபவர் ஊகித்த பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.