வானத்துக் கண்ணுக்கு வயலில் பாடம்



பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியோடு பேச்சைத் தொடங்குகிறேன். ஓர் ஊரின் நெல் மகசூல் எவ்வளவு என்று முடிவு செய்ய வெகுகாலமாக இருக்கிற வழி உங்களுக்குத் தெரியும். குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023ம் ஆண்டு காரீஃப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் இதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கம்ப்யூட்டர் போடுகிற மகசூல் கணக்குக்குக் குறைந்தது 30 சதவீத இடம் தரவேண்டும் என்பது விதி.

அதாவது, உங்கள் ஊருக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதில் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஒரு கருவிக்கும் பேச்சு உண்டு. சரி, அந்தக் கருவி எடுத்த படத்தில் எது நெல், எது கரும்பு, எது கோரை முளைத்த தரிசு என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அது பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற மாணவ மாணவிகளும் இந்த வழிமுறைகளை உருவாக்குகிறார்கள். அந்த மாணவர்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள், அது உங்கள் வயலை எப்படித் தொடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தப் படிப்பு நேற்று முளைத்ததல்ல. நெதர்லாந்து நாட்டில் 1950ல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அந்த நாட்டின் பிரதமராக இருந்த ஸ்கெர்மர்ஹார்ன் என்பவர்தான் அதை நிறுவினார். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் படித்து நிலப்படம் வரைய வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்றுத் தருவது அதன் வேலை. அந்த நாட்டின் உதவியோடு அதே மாதிரியில் நம் நாட்டில் டேராடூனில் 1966ல் ஒரு நிலையம் வந்தது. இன்று அது இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் என்ற பெயரில் இஸ்ரோவின் கீழ் நடக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும், கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை பல்கலைக்கழகங்கள் மூலமாக 21 நாள் கோடைப் பள்ளி, குளிர்காலப் பள்ளி என்று நடத்தி வந்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் அங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்த வித்தையின் முதல் பெரிய சோதனையே ஒரு பயிருக்காகத்தான் நடந்தது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். 1970 வாக்கில் கேரளத்தில் தென்னை வாடல் நோயைக் கண்டுபிடிக்க பிஷாரட்டி என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்பு ஃபிலிமில் படம் எடுத்தார்கள். நல்ல பச்சை இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நோய் கண்ட மரம் குறைவாக அனுப்பும். நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும் முன்பே படத்தில் தெரிந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத்தில் இன்று அதே வாடல் நோயோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இப்போது நெல்லுக்கு வருவோம். சம்பாப் பருவம் ஐப்பசி, கார்த்திகையில் நடக்கிறது. அப்போது வானம் முழுக்க மேகம். சாதாரணக் காமிராச் செயற்கைக்கோள் வாரக்கணக்கில் மேகத்தைத்தான் படம் பிடிக்கும். அதனால் நெல்லுக்கு ரேடார் செயற்கைக்கோளை நம்புகிறார்கள். ரேடார் தானே அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் 2014லிருந்து இந்தப் படங்களை இலவசமாகத் தருகிறது. 2025 ஜூலை 30ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளும் ரேடார்தான். 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்பி வரும்.

ரேடாருக்கு நெல் எப்படித் தெரிகிறது என்பது அழகான விஷயம். தொளி அடித்து, பரம்படித்து, தண்ணீர் கட்டி வைத்த வயல் கண்ணாடி மாதிரி இருக்குமல்லவா? அதில் பட்ட அலை சறுக்கி வேறு பக்கம் போய்விடும். திரும்பி வராது. படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். நடவு முடிந்து, பயிர் தூர் கட்டத் தொடங்கியதும் அலை தண்டிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்புகிறது. படம் வெளுக்கத் தொடங்கும். கதிர் வரும் வரை வெளுப்பு ஏறிக்கொண்டே போகும். ஏரியோ குளமோ என்றால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். வாழையும் கரும்பும் மாதக்கணக்கில் வெளுப்பாகவே நிற்கும். முதலில் கறுத்து, பிறகு படிப்படியாக வெளுப்பது நெல். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து இந்த அடிப்படையில் தமிழ்நாட்டின் நெல் பரப்பைக் கணித்திருக்கிறது.

இந்த விதியைக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, நூற்றுக்கணக்கான வயல்களைக் காட்டி, "இது நெல், இது உளுந்து, இது வாழை" என்று சொல்லிவிட்டால், அது தானாகவே விதியைக் கற்றுக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எங்கும் பேசுகிறார்களே, அது இந்த இடத்தில் இவ்வளவுதான். கன்றுக்குட்டி தாய்ப்பசுவோடு போய்ப் போய் எது தின்னலாம், எது கூடாது என்று தெரிந்துகொள்வது போல. காட்டியதைக் கற்றுக்கொள்ளும். காட்டாததைத் தெரியாது என்று சொல்லத் தெரியாமல், தெரிந்த மாதிரியே பதில் சொல்லும். இந்தக் கடைசிக் குணம்தான் ஆபத்து. நல்ல பயிற்சிப் பள்ளி என்றால் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் மண்டையில் ஏற்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

எப்படி ஆபத்து? தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நடவு வயல்களை மட்டும் காட்டிக் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். ஆரம்பத்தில் தேங்கிய தண்ணீரே கிடையாது. கட்டியும் புழுதியுமான நிலம் ரேடாருக்குக் கறுப்பாகத் தெரியாது. கறுத்து வெளுக்கிற அந்த அடையாளம் இல்லாததால், "இங்கே நெல்லே இல்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடலாம். விதைத்ததும் உண்மை, பிரீமியம் கட்டியதும் உண்மை, படத்தில் மட்டும் தரிசு! ராமநாதபுரம் வரை போவானேன், டெல்டாவிலேயே ஆள் பற்றாக்குறையால் நேரடி விதைப்புக்கு மாறியவர்கள் எத்தனை பேர்? ஒரே வாய்க்கால் பாசனத்தில் ஒருவர் நடவு, அடுத்தவர் நேரடி விதைப்பு. இரண்டையும் காட்டிக் கொடுத்தால்தான் கம்ப்யூட்டர் இரண்டையும் நெல் என்று சொல்லும்.

அடுத்தது, மாணவர் தன் படத்துக்குத் தானே மார்க் போட்டுக்கொள்கிற விஷயம். 500 வயல்களுக்குப் போய்க் குறித்து வந்தார் என்று வையுங்கள். 350ஐக் காட்டிக் கற்றுக்கொடுத்துவிட்டு, மீதி 150ஐ மறைத்து வைத்துப் பரீட்சை வைப்பார். 150ல் எத்தனைக்குச் சரியான பதில் வந்தது என்று பார்ப்பார். நியாயமான முறைதானே என்று தோன்றும். ஆனால் அந்த 150ஐயும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால், பாடம் நடத்திய வயலுக்கு அடுத்த வயலே பரீட்சைக்கும் வரும். அடுத்தடுத்த வயல் என்றால் ஒரே மண், ஒரே தண்ணீர், அநேகமாக ஒரே ரகம், ஒரே வாரத்தில் நடவு. அருகருகே இருப்பவை ஒத்திருக்கும் என்பதை டோப்ளர் என்ற அமெரிக்கப் புவியியல் அறிஞர் 1970ல் ஒரு விதியாகவே எழுதி வைத்தார். உங்களுக்கு அது விதி எழுதாமலே தெரியும். கேள்வித்தாளை முன்கூட்டியே காட்டிவிட்டுப் பரீட்சை வைத்தது போல மார்க் ஏறிவிடும். அதனால், ஒன்றிரண்டு வயல்களை அல்ல, சில ஊர்களையே முழுதாக ஒதுக்கி வைத்து, கம்ப்யூட்டர் கண்ணில் காட்டாமல், அந்த ஊர்களில் பரீட்சை வைக்க வேண்டும். மார்க் குறையும். குறைந்த அந்த மார்க்தான் நிஜம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற அவசரத்தில் இருக்கும் மாணவருக்கு இது கசப்பான பாடம்தான்.

மார்க்கிலே இன்னொரு சூதும் உண்டு. நூறு வயலில் தொண்ணூறு நெல், பத்து வெற்றிலைக் கொடிக்காலும் காய்கறியும் என்றால், எல்லாவற்றையும் நெல் என்றே சொல்லிவிட்டால்கூட நூற்றுக்குத் தொண்ணூறு மார்க்! கொடிக்கால்காரர் காணாமலே போய்விடுவார். ஆகவே பயிர் வாரியாகத் தனித்தனியே மார்க் பார்க்க வேண்டும்.

நெல் எவ்வளவு பரப்பு என்பதைக் கண்டுபிடிப்பது ஒரு பங்கு சிரமம் என்றால், மகசூல் எவ்வளவு என்று சொல்வது நாலு பங்கு சிரமம். ரேடாரும் காமிராவும் பார்ப்பது தழையை. மணியை அல்ல. பூக்கும் தருணத்தில் நாலு நாள் விடாமல் மழை அடித்தால் என்ன ஆகும்? வயல் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும், கதிரைப் பிடித்து உருவினால் கையில் பதர். கழுத்துக் குலைநோய் வந்தாலும் அப்படித்தான், தழை நின்றிருக்க மணி பிடிக்காமல் போய்விடும். புகையான் தூரடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. வட்ட வட்டமாகக் காய்ந்த பிறகுதான் மேலிருந்து தெரியும். இந்த மாதிரி வருஷங்களில் வானத்துக் கணக்கும் களத்து மேட்டுக் கணக்கும் ஒத்துவராமல் போகலாம். அதனால்தான் பயிர் அறுவடைப் பரிசோதனையை ஒரேயடியாகத் தூக்கிவிட முடியாது. அந்த அளவீட்டையே கம்ப்யூட்டருக்குக் காட்டித்தான் மகசூல் பாடமும் நடக்கிறது. ஊரில் பரிசோதனை நடக்கும் நாளில் நாலு பேர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. அங்கே எடை தவறினால் இரண்டு கணக்கிலும் அது போய் உட்காரும்.

மாணவர்கள் வயலுக்கு வரும்போது என்ன செய்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது, சென்டினல் காமிராப் படத்தில், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளி விழும். செல்போன் காட்டும் இடமோ திறந்த வெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டலாம், தென்னந்தோப்புக்குள் அதைவிட மோசம். வரப்பில் நின்று குறித்தால் உங்கள் வயல் பக்கத்து வயலாகிவிடும். அதனால்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்கு நடுவில் இறங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். பயிரை மிதிக்கிறாரே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைக் கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதை. கேட்காமல் இறங்கினால், "தம்பி, ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குப்பா" என்று சொல்லலாம், தப்பில்லை.

அவர் கேட்டால் ரகம், விதைத்த தேதி, நடவா, நேரடி விதைப்பா, புழுதி விதைப்பா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது, வரப்பில் உளுந்து போட்டிருக்கிறீர்களா, போன போகம் என்ன பயிர் என்பதும் உதவும். அடங்கலில் நெல் என்று இருந்து, வயலில் பருத்தி நின்றால் பருத்தி என்றே சொல்லுங்கள். காகிதத்தில் இருப்பது கம்ப்யூட்டருக்கு வேண்டாம், மண்ணில் நிற்பதுதான் வேண்டும். பயிர் கெட்டுப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். நல்ல வயல்களை மட்டுமே பார்த்துப் பழகிய கம்ப்யூட்டருக்குக் கெட்ட வயல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போய்விடும். அப்புறம் ஒன்று, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போனுக்கு வருகிற ரகசிய எண் இதெல்லாம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. கேட்டால் கொடுக்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று அடையாளச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

நீங்களும் அவரை இரண்டு கேள்வி கேட்கலாம். "கத்துக்கொடுத்த வயல்களிலே எங்க ஊர் மாதிரி விதைப்பு இருந்துதா? பரீட்சை வச்சது எந்த ஊர்களிலே?" பள்ளியில் ஒழுங்காகப் படித்த பிள்ளையாக இருந்தால் பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டுவார்.