லாரி எஞ்சினில் டைமிங் வேலை: பிரிப்பதற்குமுன் செய்ய வேண்டியவை

நூல் மூட்டை ஏற்றிவரவும், காய்கறியும் வாழைத்தாரும் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் நம் அங்கத்தினர்களில் சிலர் சொந்தமாகச் சிறு லாரி வைத்திருக்கின்றனர். கடனில் வாங்கிய வண்டி ஒரு வாரம் நின்றுவிட்டாலும் தவணை நிற்பதில்லை. பறித்த காய் காத்திருப்பதுமில்லை. பட்டறைக் கூலியை மிச்சப்படுத்த எண்ணி, எஞ்சினின் டைமிங் பெல்ட் அல்லது செயினைத் தம் வீட்டிலேயே மாற்ற முற்படுவோர் உண்டு. அது கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. முன்னேற்பாடு இன்றித் தொடங்கக் கூடாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

டைமிங் என்பது யாது?

நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. தறியில் மிதியை மிதித்ததும் பாவு இரண்டாகப் பிரிகிறது; பிரிந்த அந்தக் கணத்தில் நாடா பாய வேண்டும். பாவு திறவாமுன் நாடா பாய்ந்தால் இழைகள் அறும். எஞ்சினிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. கீழே சுழலும் கிராங்க் ஷாப்ட் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. கேம் ஷாப்ட் வால்வுகளைத் திறக்கிறது. கிராங்க் ஷாப்ட் இருமுறை சுற்றினால் கேம் ஷாப்ட் ஒருமுறை சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் இணைத்துக் கணக்குத் தவறாமல் ஓட்டுவதே டைமிங் பெல்ட், செயின் அல்லது கியரின் வேலை.

இந்த இணைப்பு ஓட்டத்தில் அறுந்தால், பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதும். வால்வு வளையும்; சில வேளை பிஸ்டனும் உடையும். பெல்ட் மாற்றும் செலவு எங்கே, ஹெட்டைக் கழற்றிப் புதுப்பிக்கும் செலவு எங்கே! பெல்ட்டைப் பல் தவறி மாட்டினாலும் இதே கேடு நேரலாம்.

முதலில் எஞ்சினை அறிக

வண்டியின் பெயரை மட்டும் நம்பலாகாது. டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2004-இல் வெளிவந்த தலைமுறையின் 2.5 லிட்டர், 3 லிட்டர் டீசல் எஞ்சின்களில் இருப்பது பெல்ட். 2015-இல் வந்த தலைமுறையின் 2.4 லிட்டர், 2.8 லிட்டர் டீசல் எஞ்சின்களில் இருப்பது செயின். பெயர் ஒன்றே; வேலை வேறு. ஆகவே எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எஞ்சினுக்கே உரிய பட்டறைக் கையேட்டைத் தேடிப் பெறுவது முதற்கடமையாகும்.

பெல்ட் எஞ்சினுக்கு வெளியே, எண்ணெய் படாத மூடிக்குள் ஓடுவதே பெரும்பான்மை. அத்தகைய வேலை பொறுமையுள்ளவருக்குக் கைகூடும். செயின் எண்ணெயில் ஓடுவது. முன்மூடியைப் பிரித்து, மீண்டும் எண்ணெய் கசியாமல் ஒட்ட வேண்டும். பெரிய லாரிகளில் காணும் கியர் அமைப்போ டீசல் பம்பின் ஓட்டத்துடனும் பிணைந்திருப்பதுண்டு. அதைத் தேர்ந்த பட்டறைக்கு விடுவதே விவேகம்.

சாமான் வந்த பிறகே ஸ்பேனர்

தணிக்கைக்குச் சென்ற ஓரூரில், தக்காளி விளைவிக்கும் அங்கத்தினர் ஒருவரின் வண்டி பிரித்தபடி நிற்கக் கண்டோம். முன்பாகம் முழுவதையும் கழற்றிய பின்னரே டென்ஷனர் கடையில் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அது வந்துசேரப் பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை வாடகை லாரிக்குக் கொடுத்த தொகை, அவர் மிச்சப்படுத்த எண்ணிய கூலியை விழுங்கிவிட்டது. அவர் கைத்திறனில் குறையில்லை, வரிசைதான் பிசகியது.

ஆகவே பின்வருவன யாவும் கைக்கு வந்த பிறகே ஒரு போல்ட்டைத் தொட வேண்டும்: பெல்ட் அல்லது செயின், டென்ஷனர், பெல்ட்டாயின் அதைத் தாங்கும் உருளைகள், செயினாயின் அதன் வழிகாட்டிப் பட்டைகள், கிராங்க், கேம் ஆயில் சீல்கள், காஸ்கெட்டும் ஒட்டுப்பசையும், கூலன்ட், செயின் வேலையாயின் புது எண்ணெயும் பில்டரும். வாட்டர் பம்பு அதே பெல்ட்டினால் ஓடுவதாயின் அதையும் உடன் மாற்றுவது நலம். சில போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிய பின் மீண்டும் பயன்படுத்தலாகாது என்று கையேடு விதிக்கும், அவற்றையும் வாங்குக. பழைய டென்ஷனரில் புதுப் பெல்ட்டை மாட்டுவது வீண் சிக்கனம். புதுப் பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இழை முறியும். எண்ணெய்க் கையாலும் அதைத் தொடலாகாது.

கருவிகளுள் இன்றியமையாதது, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சு. அடுத்து கிராங்க் புல்லியைக் கழற்றும் புல்லர், அச்சு அசையாமல் பிடிக்கும் கருவி. இவை ஆண்டில் ஒருமுறை தேவைப்படுபவை. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதைவிட, வண்டியுள்ள அங்கத்தினர்கள் பங்கிட்டு வாங்கிச் சங்கத்தில் வைத்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். கூட்டுறவின் பயன் இதுவன்றோ!

இடமும் காப்பும்

அறுவடைக்கும் பண்டிகைக்கால நூல் வரத்துக்கும் நடுவே ஓய்வான நாட்களைத் தேர்க. தளம் சமமான சிமெண்டாக இருத்தல் வேண்டும். சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் நுழையலாகாது; உறுதியான தாங்கிகள் வேண்டும். பாட்டரியின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றுக. ரேடியேட்டர் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறவாதீர்.

கூலன்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு. வாசலில் சிந்தினால் கன்றோ நாயோ நக்கும், குழந்தையும் தொடும். மூடியுள்ள கலத்தில் பிடித்து அப்புறப்படுத்துக.

கழற்றும் போல்ட்டுகளை இடவாரியாகத் தட்டுகளில் வைத்துச் சீட்டு எழுதுக. ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது மாட்டும்போது பெரிதும் உதவும்.

குறிகளைச் சேர்த்தல்

பெல்ட்டையோ செயினையோ அகற்றுமுன், முதல் பிஸ்டனைக் கையேடு கூறும் நிலைக்குக் கொணர்ந்து, கிராங்க், கேம் இரண்டின் குறிகளும் பொருந்துவதைக் கண்ணால் காண வேண்டும். அகற்றிய பின் இரண்டில் எதையும் தனியே திருப்பலாகாது. புதியதை மாட்டியபின், ஸ்பேனரால் கையாலேயே இயல்பான திசையில் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, சக்கரங்களின் குறிகள் மீண்டும் சேர்கின்றனவா என்று பார்க்க. செயினின் வண்ணக் கண்ணிகள் இரண்டு சுற்றில் பழைய இடத்துக்கு வாரா. அதற்காகக் கலங்க வேண்டாம். சுற்றும்போது எங்கேனும் தடை தட்டினால் வலிந்து திருப்பாமல் நிறுத்துக. அங்கேதான் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. இச்சோதனை முடியும்வரை சாவியைத் தொடவே வேண்டாம்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று கைவசமில்லையெனில் வேலையைத் தொடங்காமல் பட்டறைக்குச் செல்வதில் இழுக்கேதும் இல்லை. பாவைச் செம்மையாக ஓட்டாமல் நெசவைத் தொடங்கும் நெசவாளர் இல்லை. நிலத்தைப் பண்படுத்தாமல் விதைக்கும் உழவரும் இல்லை. அதே நியாயம் எஞ்சினுக்கும் பொருந்தும் என்பதை அங்கத்தினர்கள் மனத்திற்கொள்வார்களாக.