பழைய ஃபோர்டு கார்கள்: மீட்டமைத்தலும் மாற்றியமைத்தலும்

மூன்றாமாண்டு, இயற்பியல்

ஓலைச்சுவடி ஒன்று கையில் கிடைக்கிறது. சில ஏடுகள் செல்லரித்துள்ளன. சில ஏடுகள் காணாமற் போயுள்ளன. அதனைப் பதிப்பிக்க முனையும் புலவர் வேறு சுவடிகளைத் தேடி ஒப்பிடுவார்; விட்டுப்போன இடத்தை விட்டுப்போன இடமென்றே காட்டுவார்; தம் சொந்தச் சொல்லை இடையில் நுழைக்க அஞ்சுவார். வேறொருவரோ அதே கதையை எடுத்துக்கொண்டு தம் காலத்துக்கேற்பப் புதிய நூலொன்றைப் பாடிவிடுவார். இருவருமே பழைய நூலின்மேல் காதல் கொண்டவர்கள்தாம். ஆனால் இருவர் வேலையும் ஒன்றன்று.

பழைய மோட்டார் கார்களின் உலகிலும் இவ்விரு கூட்டத்தார் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே அதனை மீட்டமைப்போர் ஒரு சாரார். பழைய கூட்டுக்குள் புதிய ஆற்றலைப் புகுத்தி மாற்றியமைப்போர் மற்றொரு சாரார். இவ்விரு கலைகளும் அமெரிக்காவில் ஃபோர்டு கார்களைச் சுற்றியே பெரிதும் வளர்ந்தன. அதற்குக் காரணம் என்ன, அவ்வேலை எப்படி நடைபெறுகிறது, இவ்விரு சாராருள் யார் பக்கம் நியாயம் என்பவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

ஏன் ஃபோர்டு?

1908-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘மாடல் டி’ என்ற கார் விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர்கள், 2.9 லிட்டர் இஞ்சின், 20 குதிரைத் திறன். 1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்து வரிசை அமைக்கப்பட்டதும், ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்த ஆகிவந்த சுமார் 12½ மணி நேரம் 1 மணி 33 நிமிடமாகச் சுருங்கியது. 850 டாலராக இருந்த விலை, 1925 அளவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-இல் உற்பத்தி நிற்பதற்குள் 1 கோடியே 50 லட்சம் வண்டிகள் வெளிவந்துவிட்டன.

இந்தச் சாதனைக்கு அடிப்படை ஒன்றே. எந்த வண்டியின் உறுப்பும் அதே வகையைச் சேர்ந்த மற்றெந்த வண்டியிலும் பொருந்தும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. பழுதடைந்த பத்து வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒரு வண்டியை உண்டாக்கலாம் என்பதால் மீட்டமைத்தல் எளிதாயிற்று. ஓராண்டு வண்டியின் உறுப்பை வேறோராண்டு வண்டியில் சிறு வேலையோடு ஏற்றலாம் என்பதால் மாற்றியமைத்தலும் எளிதாயிற்று. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகள் எனலாம்.

மாடல் டி-க்குப் பின் 1927 டிசம்பரில் ‘மாடல் ஏ’ வந்தது; 40 குதிரைத் திறன், நான்கு சக்கரங்களிலும் பிரேக். 1932-இல் வி-8 இஞ்சின் பிறந்தது. எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் அமைத்து, சாதாரண மக்கள் வாங்கும் விலையில் 65 குதிரைத் திறனைத் தந்த இஞ்சின் அது. இம்மூன்று வகைகளும் பழைய ஃபோர்டு கார்களின் முச்சங்கம் என்றே கூறலாம்.

மீட்டமைக்கும் முறை

மீட்டமைப்பின் முதற்பாடம் ஸ்பானரை எடுப்பதன்று, குறிப்பேட்டை எடுப்பதாகும். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது, எந்தக் கம்பி எதன் வழியே சென்றது என்று படம் எடுத்தும் எழுதியும் வைத்த பிறகே பிரிக்கத் தொடங்க வேண்டும். பிரிப்பது ஒரு வாரத்தில் முடியும். பூட்டுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். இடையில் நினைவு கைவிட்டுவிடும்.

அடுத்த பகைவன் துரு. மணல் வீச்சினால் துருவை விரைவில் நீக்கலாம். ஆனால் கதவு, மூடி போன்ற மெல்லிய தகடுகள் அந்த வீச்சினால் நெளிந்து உருமாறிவிடும். நம் கோயில்களில் மணல் வீசித் தூய்மை செய்யப்போய்க் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்த கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிறிய உறுப்புகளுக்கு மின்னாற்பகுப்பு முறை நன்று. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த உறுப்பை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்து நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினால் துரு இளகி உதிரும். நல்ல இரும்பு தேயாது. இதில் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடம் வேண்டும். துண்டுக்குப் பதிலாகத் துருவேறா எஃகைப் பயன்படுத்தினால் குரோமியத்தின் நச்சுச் சேர்மங்கள் உண்டாகும் என்பதையும் மறக்கலாகாது.

மாடல் டி-யின் உடற்கூடு மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்து செய்யப்பட்டது. எனவே கொல்லரோடு தச்சரும் இங்கே தேவைப்படுகிறார். மரம் உளுத்துப்போனால் கதவு தொங்கும். தகட்டை எவ்வளவு தட்டினாலும் கதவு சேராது.

இஞ்சினைப் பொறுத்தவரை, மாடல் டி, மாடல் ஏ இரண்டிலும் பேரிங்குகள் இக்காலத்தவை போலக் கழற்றி மாட்டும் வளையங்கள் அல்ல. வெள்ளீயம் முதலியவை கலந்த பாபிட் என்னும் மென்மையான உலோகத்தை உருக்கி, அந்தந்த இடத்திலேயே ஊற்றி, பிறகு அளவாகக் கடைந்தெடுப்பார்கள். இவ்வித்தை அறிந்தோர் இன்று குறைவு.

இயற்பியல் மாணவர்களுக்கு மாடல் டி ஒரு சோதனைக்கூடம் போன்றது. இஞ்சின் சுழல் சக்கரத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் பதினாறு காந்தங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவை சுழலும்போது நிலையான கம்பிச்சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. நூறாண்டு கடந்த காந்தங்கள் வலுவிழந்திருக்கும். நேர்மின்னோட்டம் பாயும் சுருளின் துணையால் அவற்றுக்கு மீண்டும் காந்தமேற்றலாம். எரிபொருளை ஏற்ற இதில் பம்பு கிடையாது. தொடக்கக் கால வண்டிகளில் இருக்கைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தானே வழிந்து கார்புரேட்டருக்குச் செல்லும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் கார்புரேட்டர் தொட்டியைவிட உயர்ந்துவிடும், இஞ்சின் நின்றுவிடும். ஆகவே அக்காலத்தோர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேட்டில் ஏற்றினர்!

நிறத்திலும் ஒரு பாடம் உண்டு. மாடல் டி என்றாலே கருப்பு என்பது பலர் எண்ணம். உண்மையில் தொடக்க ஆண்டுகளில் சிவப்பு, சாம்பல், பச்சை முதலிய நிறங்களில் வண்டிகள் வந்தன. கருப்பு மட்டும் என்ற நிலை 1914 முதல் 1925 வரைதான். செவிவழிச் செய்தியை நம்பி 1909-ஆம் ஆண்டு வண்டிக்குக் கருப்பு அடிப்பவர், பாடபேதம் பார்க்காத பதிப்பாசிரியர் ஆவார்.

மின்கம்பி மாற்றுவோர் செய்யும் தவறொன்றையும் சுட்ட வேண்டும். ஃபோர்டு கார்களில் 1955 வரை 6 வோல்ட் மின்கலமே இருந்தது. 1956-இல்தான் 12 வோல்ட் வந்தது. ஒரே திறனுக்கு 6 வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் செல்ல வேண்டும். ஒரே கம்பியில் வெப்ப இழப்பு நான்கு மடங்காகும். இதனையறியாது இக்காலத்து மெல்லிய பாட்டரிக் கம்பியை மாட்டிவிட்டு, ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறதே என்று வருந்துவோர் பலர். தவறு காரில் இல்லை. ஓம் விதியை மறந்ததில் உள்ளது.

மாற்றியமைக்கும் கலை

மாற்றியமைத்தல் இக்காலத்து விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. மாடல் டி விற்பனைக்கு வந்த காலத்திலேயே அதற்கான துணைக் கருவிகளைச் செய்து விற்ற கடைகள் பெருகின. ஷெவர்லே என்ற பெயரை உலகுக்குத் தந்த லூயி ஷெவர்லேயும் அவர் உடன்பிறந்தாரும் மாடல் டி இஞ்சினுக்கேற்ற சிலிண்டர் மூடிகளைச் செய்து விற்றனர். அத்தகைய மாற்றமைத்த ஃபோர்டு ஒன்று 1923-ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஐந்தாமிடம் பெற்றது.

1930-களில் தென் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டு முதலிய சுமைகளைக் கழற்றி எறிந்து, வறண்ட ஏரிப்படுகைகளில் விரைந்தோட்டிப் பார்த்தனர். 1937-இல் இவர்கள் கூடித் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தனர். போருக்குப் பின் 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற இதழ் தோன்றியது. 1949-இல் யூட்டா மாநிலத்துப் போனவில் உப்புவெளியில் வேகவாரம் தொடங்கியது. பணம் படைத்தோர் கலையாக இருந்த வேகம், பழைய உறுப்புக் கடையில் பொறுக்கிச் சேர்க்கும் ஏழை இளைஞர் கைக்கு வந்தது இவ்வாறுதான்.

அவர்கள் மிகவும் விரும்பியது 1932-ஆம் ஆண்டு வண்டி. எடை குறைவு, அழகிய முகப்பு, வி-8 இஞ்சின். ஆனால் அந்த இஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. எரிந்த வாயு நேரே வெளியேறாமல், இஞ்சின் வார்ப்புக்குள்ளேயே நீரறைகளின் ஊடாகச் சென்று பக்கவாட்டில் வெளிவருகிறது. வெளியே போக வேண்டிய வெப்பம் குளிர்விக்கும் நீரில் ஏறுகிறது, வண்டி கொதிக்கிறது. ரேடியேட்டரை மாற்றுமுன் நீர்ப்பாதைகளில் படிந்த துருவையும், வார்ப்பின்போதே தங்கிவிட்ட மணலையும் சுத்தமாக நீக்க வேண்டும். வார்ப்பில் வெடிப்பு உள்ளதா என்று காந்தத் துகள் சோதனையால் பார்க்க வேண்டும். வெடித்த வார்ப்பின்மேல் செலவிடும் பணம் ஆற்றில் கரைத்த புளியே.

ஆற்றலைக் கூட்டுவோர் முதலில் தடுக்கும் வழியைக் கூட்ட வேண்டும். 1932 வண்டியில் கம்பிகளால் இழுக்கப்படும் பிரேக்குகளே இருந்தன. ஃபோர்டு கார்களுக்கு நீரியல் பிரேக் 1939-இல்தான் வந்தது. அறிவுள்ள இளைஞர்கள் அந்த 1939 பிரேக்குகளைத் தேடியெடுத்துப் பழைய வண்டியில் பொருத்தினர். பொருந்தும் உறுப்பு என்ற ஃபோர்டின் கொள்கை இங்கே உயிர் காத்தது.

1964 ஏப்ரலில் வெளிவந்த மஸ்டாங் கார்களின் நிலை வேறு. அவற்றில் தனி அடிச்சட்டம் கிடையாது, உடற்கூடே சட்டம். எனவே தரைத்தகட்டில் துருவேறினால் அழகு மட்டுமன்று, வலிமையும் கெடும். கூட்டுக்குள் தாங்குகம்பிகளைப் பற்றவைத்த பிறகே பழைய தரையை வெட்டியெடுக்க வேண்டும். இல்லையேல் கூடு நெளிந்து, பிறகு கதவுகள் மூடமாட்டா.

யார் பக்கம் நியாயம்?

வெட்டுவோரை மீட்போர் பழிப்பதும், மீட்போரை வெட்டுவோர் அருங்காட்சியகக் காவலர் என்று நகைப்பதும் உண்டு. இருவரிடமும் நியாயமுண்டு. 1950-களில் 1932 ஃபோர்டு என்பது வெறும் பழைய கார். அதன் கூரையை வெட்டித் தாழ்த்தியவர் எவரும் வரலாற்றை வெட்டுவதாக எண்ணவில்லை. இன்று நிலை அப்படியன்று. அந்த ஆண்டு வண்டியின் கூடுகள் புதிய எஃகுத் தகட்டிலேயே மீண்டும் செய்யப்படுகின்றன. வெட்ட விரும்புவோர்க்குப் புதுக்கூடு கிடைக்கும்போது, வெட்டுப்படாமல் தப்பிப் பிழைத்த பழங்கூட்டை வெட்டுவானேன்? ஒருமுறை வெட்டிய தகடு மீண்டும் பழந்தகடு ஆவதில்லை.

மறுபுறம், அப்படியே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் எல்லை கடக்கலாகாது. மாடல் டி-யின் கால்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை; கியர்ப்பெட்டிக்குள் உள்ள உருளையைப் பிடிக்கிறது. அந்தப் பிடி பின் அச்சின் வழியாகவே சக்கரங்களை அடைய வேண்டும். பின் அச்சில் பாபிட் உலோகத்தாலான வாஷர்கள் உள்ளன. அவை காலப்போக்கில் நொறுங்கிவிடும். நொறுங்கினால் கிரவுன் வீல் பினியனை விட்டு விலகும். இறக்கத்தில் ஓடும் வண்டிக்குக் கால்பிரேக் இல்லாமற் போகும். ஆகவே மிகக் கண்டிப்பான மீட்பாளரும் அவ்விடத்தில் வெண்கல வாஷர்களைப் பொருத்துகிறார். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றம் பிழையன்று, கடமை.

இவ்விரண்டிலிருந்தும் ஒரு நடுவழி புலனாகிறது. திரும்பப் பெறக்கூடிய மாற்றம் எதுவாயினும் செய்யலாம். திரும்பப் பெறமுடியாத மாற்றத்திற்கு முன் பலமுறை சிந்திக்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்பை எறியாமல் பெயர் எழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும். இஞ்சினில் பொறித்த எண்ணைத் தேய்க்கக் கூடாது. மாடல் டி-யில் அதுவே காரின் பிறப்புச் சான்று. செய்த மாற்றங்கள் அனைத்தையும் எழுதி வைக்க வேண்டும். நமக்குப் பின் அந்த வண்டியைப் பெறுபவர் எது பழையது, எது நம் கைவேலை என்று பிரித்தறிய வேண்டாமா?

இவை கடல் கடந்த நாட்டுச் செய்திகள்தாமே என்று கருத வேண்டா. நம் செங்கற்பட்டுக்கருகில் மறைமலைநகரிலும் ஃபோர்டு கார்கள் உருவாயின. 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. அங்கிருந்து வெளிவந்த வண்டிகளுள் சில, நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அருமையான பழங்கார்களாகக் கருதப்படலாம். அன்று அவற்றைப் பிரித்துப் பார்க்கும் கைகள், இன்று நம் பட்டறைகளில் பூட்டியவர்கள் எவ்வளவு பொறுப்போடு பூட்டினார்கள் என்பதை ஒவ்வொரு திருகிலும் படித்தறியும்.