இருட்டும் முன்பே தூங்கப் போகும் இலைகள்

விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைத்தால், "அது தூங்குது, பறிக்காதே" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். எல்லாச் செடிக்கும் இது பொருந்துமோ என்னவோ, புளிக்கும் அகத்திக்கும் தகரைக்கும் வேலியோரக் கீழாநெல்லிக்கும் இது கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. பகலில் விரிந்து நிற்கும் சிற்றிலைகள் பொழுது சாய்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்துவிடும். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் குடையாக விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமோ, பெயரிலேயே இந்தப் பழக்கத்தைச் சுமக்கிறது.

இது மிகப் பழைய கவனிப்பும்கூட. அலெக்சாந்தரின் கடற்படையோடு போன ஆண்ட்ரோஸ்தெனஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் இரவில் இலை மூடும் ஒரு மரத்தைப் பார்த்தார். மரம் தூங்கப் போகிறது என்றே அந்தத் தீவு மக்களும் சொன்னார்கள். தாவரவியலின் தந்தை எனப்படும் தியோஃப்ராஸ்டஸின் நூலில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் செய்தி பதிவாகிவிட்டது. அது புளியமரம் என்பது பலரின் கருத்து.

இலை எப்படி மடிகிறது? தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு கொப்பை வளைத்துப் பாருங்கள். இலைக்காம்பு கிளையில் சேரும் இடம் விரல் கணுவைப் போலச் சற்றே தடித்திருக்கும். காம்பு பிரியும் இடங்களிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அதே தடிப்பு சிறிது சிறிதாக இருக்கும். அசைவெல்லாம் அங்கேதான். அந்தத் தடிப்பின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் வெளியேறும். அந்தப் பக்கம் தளர்ந்துவிடும். எதிர்ப்பக்கத்துச் செல்கள் நீர் ஏறி விம்மும். இலை மடியும். காலையில் இதுவே தலைகீழாக நடக்கும். தசையோ நரம்போ இல்லாமல், உப்பையும் தண்ணீரையும் இடம் மாற்றியே ஒரு மரம் தன் ஆயிரமாயிரம் இலைகளையும் அன்றாடம் திறந்து மூடுகிறது.

இருட்டுகிறது, அதனால் மூடுகிறது என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் வெயில் இன்னும் இருக்கும்போதே பல இலைகள் மடியத் தொடங்கிவிடுகின்றன. அதேசமயம், வானம் கறுத்தால் பகலிலும் தூங்குமூஞ்சி மரம் இலை மடிப்பதுண்டு. ஆக வெளிச்சத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. அப்படியென்றால் வெளிச்சமே இல்லாமல் செய்துவிட்டால்?

1729இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ழாக் தொர்து தெ மெரான் அதைத்தான் செய்தார். தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். சூரியனையே பார்க்காத செடி, பகல் நேரத்தில் இலை விரித்தது, மாலையானதும் மடித்தது. இதைத் தனிக் கட்டுரையாக வெளியிடும் அளவுக்கு அவர் பெரிதாக நினைக்கவில்லை. நண்பர் ஒருவர்தான் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எடுத்துச் சொன்னார். செடிக்குள் கடிகாரம் இருக்கிறது என்றும் மெரான் சொல்லவில்லை. பார்க்காமலேயே சூரியனை அது உணர்கிறது என்றே கருதினார்.

அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. வெப்பமோ வேறு ஏதோ ஒன்றோ அறைக்குள் கசிந்து செடிக்கு நேரம் சொல்லியிருக்கலாமே! இதற்கான விடை ஒரு பிசகிலிருந்து கிடைத்தது. சுவிஸ் தாவரவியலாளர் தெ கந்தோல், தொட்டாற்சிணுங்கியை இடைவிடாத விளக்கொளியில் வைத்துக் கவனித்ததை 1832இல் எழுதினார். செடி மூடித் திறந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முந்திக்கொண்டே போனது. அதன் ஒரு நாள், 22 முதல் இருபத்திரண்டரை மணி நேரம்தான். வெளியிலிருந்து ஏதாவது நேரம் சொல்லியிருந்தால் சரியாக 24 மணி வந்திருக்க வேண்டும். தப்பான நேரம் காட்டியதால்தான், கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது என்று நம்ப முடிந்தது. செடிகளின் கடிகாரம் பற்றிய ஆய்விலேயே என்னை மிகவும் வியக்கவைக்கும் தர்க்கம் இதுதான். வெளியே வளரும் செடியில், அன்றாடம் விடியலின் வெளிச்சம் பட்டு அந்தக் கடிகாரம் சரிசெய்யப்படுகிறது.

இலை எதற்காக மடிகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. சார்லஸ் டார்வின் முதுமையில் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து, சில இலைகளைத் தக்கையில் ஊசியால் குத்தி, மடியவிடாமல் குளிர்ந்த இரவில் வெளியே வைத்துப் பார்த்தார். மடிய முடியாத இலைகளே குளிரில் அதிகம் கருகின. 1880இல் வந்த அவர்களுடைய நூலில் இந்தச் சோதனைகள் விரிவாக இருக்கின்றன. உறைபனியே விழாத ஊர்ப் புளியமரத்துக்கு, குளிருக்குத் தற்காப்பு என்ற இந்த விளக்கம் மட்டும் போதாது என்பதே என் எண்ணம்.

இலை மடிக்காத செடிகளுக்குள்ளும் இந்தக் கடிகாரம் ஓடுகிறது. பறித்த பிறகும் உடனே நிற்பதில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கடையில் வாங்கிய முட்டைக்கோஸைப் பகல், இரவு மாறிமாறி வரும்படி வைத்தார்கள். புழுக்களை விரட்டும் வேதிப்பொருள் அதன் இலைகளில் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கியது. புழுக்கள் தின்னும் வேளைக்கு ஒத்துப்போகும்படி வைத்திருந்த கோஸை அவை குறைவாகவே கடித்தன. சமையலறைக் கூடையில் கிடக்கும் காய்க்கும் இது எந்த வேளை என்று தெரியும்!

மெரானின் சோதனையை உங்கள் வீட்டிலும் செய்யலாம். ஒரு தொட்டியில் தொட்டாற்சிணுங்கி வளருங்கள். நன்றாக வேர் பிடித்ததும், வெளிச்சம் புகாத அலமாரியில் இரண்டு நாள் வையுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, தொட்டியை ஆட்டாமல் சட்டென்று பார்த்து மூடிவிடுங்கள். அதற்கு மேல் இருட்டில் வைக்க வேண்டாம், செடி வாடும். பார்த்த நேரத்தையும் இலையின் நிலையையும் பிள்ளைகளே ஒரு நோட்டில் எழுதட்டும்.