ஜாவா நெற்குருவி: ஒரு பயிர்ப்பகை அருகிவந்த வரலாறு

நெற்கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் குருவிகள் விளைவிக்கும் சேதத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், நெல்லுக்குப் பெரும்பகையென எண்ணப்பட்ட பறவையொன்று தன் சொந்த நாட்டிலேயே காண்பதற்கு அரிதாகிவிட்ட விஷயம் பலரும் அறியாதது. அதுவே ஜாவா நெற்குருவி.

உருவமும் இயல்பும்.— இக்குருவி இந்தோனேசியாவிலுள்ள ஜாவா, பாலி ஆகிய தீவுகளுக்கு உரியது. நம் வயல்களுக்கு வரும் சில்லைகளின் இனத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். தலை கறுப்பு, கன்னம் தூய வெண்மை, முதுகும் மார்பும் சாம்பல் நிறம், வயிறு இளஞ்சிவப்பு, பருத்த அலகும் கண்ணைச் சூழ்ந்த வளையமும் சிவப்பு. மரப்பொந்துகளிலும் கட்டட இடுக்குகளிலும் கூடு கட்டும். 1758-இல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் இதற்குச் சூட்டிய லத்தீன் பெயரின் பொருளே ‘நெல் தின்பது’ என்பதாம்.

குறைந்த காரணங்கள்.— முதலாவது, பயிரைக் காக்கும் பொருட்டு இது கொல்லப்பட்டது. இரண்டாவதும் பெரியதுமான காரணம் கூண்டு வியாபாரம். ஜாவாவில் ஓர் ஆடவனுக்கு அவசியமானவை ஐந்தெனக் கூறும் பழைய வழக்கில் பறவையும் ஒன்று. அவ்வூரார் ஆசைக்கு மட்டுமன்றி, 1960, 1970ஆம் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் அயல்நாட்டு விற்பனைக்கும் இக்குருவிகள் ஏராளமாக வலைவீசிப் பிடிக்கப்பட்டன. 1997 முதல் இதன் வியாபாரம் சர்வதேச உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனினும், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை இன்று ‘அழியும் அபாயத்திலுள்ள’ இனமாகக் கணக்கிட்டிருக்கிறது. எஞ்சியவற்றுள் சில, பிரம்பானன் என்னும் புராதனக் கோயிலின் கற்களிடையே வாழ்ந்து வந்தன. கொண்டுபோய் விடப்பட்ட ஹவாய்த் தீவுகளில் பெருகியுள்ள இப்பறவை, பிறந்த மண்ணில் அருகியதே விந்தை.

நாம் அறியத்தக்கது.— கூட்டங்கூட்டமாகத் திரிவதால் ஓர் இனத்துக்கு அழிவில்லை என்று எண்ணுதல் தவறு. கூட்டமாய் இரை தேடுவதே அதனை ஒரே வலையில் சிக்கவைக்கும். நம் சில்லைகளோ அறுவடைக்குப் பின் புல், களை இவற்றின் விதைகளையும் தின்பவை. ஆகவே பயிரைக் காத்தல் வேறு, பறவையை அழித்தல் வேறு. கீழ்க்கண்ட முறைகளைக் கையாளலாம்:

(1) அடுத்தடுத்த வயல்களில் ஒரே சமயத்தில் நடவு செய்க. முந்தியோ பிந்தியோ தனித்து விளையும் வயலுக்கே சேதம் மிகுதி.

(2) பால் பிடிப்பது முதல் அறுவடை வரை, காலையிலும் மாலையிலும் காவல் வைத்துத் தட்டையொலியால் ஓட்டுக. பளபளக்கும் நாடாக்களைக் கட்டுதலும் உதவும்.

(3) விஷம் கலந்த தானியத்தை ஒருபோதும் இடற்க. அது பிற பறவைகளையும் கோழிகளையும் கொல்லும்.

சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சந்தைகளில் கூண்டுடன் வரும் வியாபாரிகளைக் கண்டால், கிராம அதிகாரிகள் உடனே வனத்துறையினருக்குத் தெரிவிப்பது அவர்தம் கடமை. பயிரைக் காக்கக் காவல் போதும். குருவியினத்தை ஒழித்தால் மீண்டும் உண்டாக்க எந்த இலாகாவாலும் இயலாது.