மூளை நல்லாத்தான் இருக்கு... ஆனா சைனஸில் ஏதோ இருக்காமே! பயப்படணுமா?

ஓயாத தலைவலி. உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகத்துக்குப் போறீங்க. அங்கிருந்து எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு அனுப்புறாங்க. 'மூளையில் கோளாறு இல்லை' என்கிறது அறிக்கை. அப்பாடா! ஆனால் கீழே இன்னொரு வரி: 'வலது கன்னத்து சைனஸில் மாற்றம் தெரிகிறது.'

இப்போ என்ன செய்வது?

மூளை ஸ்கேனில் சைனஸ் எப்படி வந்தது?

நெற்றி, கன்னம், கண்களுக்கு இடையே, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. அவையே சைனஸ். தலையைப் படமெடுத்தால் அவையும் சேர்ந்தே பதிவாகும்.

பெரும்பாலும் பயம் வேண்டாம்

சளி, ஒவ்வாமை இருந்தால் சைனஸின் உள்சவ்வு சற்றுத் தடிக்கலாம். கன்னத்து சைனஸில் சிறு நீர்க்கட்டியும் இருக்கலாம். தொந்தரவு இல்லையென்றால் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. அந்தத் தலைவலிக்கும் அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

எப்போது கவனிக்கணும்?

* ஒரு பக்க சைனஸ் மட்டும் முழுக்க அடைத்திருந்தால்
* எலும்பு அரித்திருந்தால்
* ஆழத்திலுள்ள சைனஸில் மாற்றம் இருந்தால். பார்வை நரம்பு அதை ஒட்டியே செல்கிறது
* மூக்கில் ரத்தம், முகத்தில் மரத்துப்போதல், பார்வைக் குறைபாடு இருந்தால்

ஒரு பக்க அடைப்புக்குச் சொத்தைப் பல்லின் வேர், பூஞ்சை உருண்டை, அரிதாகக் கட்டி ஆகியவை காரணமாகலாம். சில கட்டிகள் புற்றுநோயாகவும் மாறலாம்.

படமும் ஏமாற்றும்!

பூஞ்சை உருண்டையில் நீர் குறைவு. சுண்ணாம்பு, உலோகத் துகள்கள் அதிகம். அதனால் சில எம்.ஆர்.ஐ படங்களில் அது காற்றைப் போலக் கறுப்பாகவே தெரியும். நோயுள்ள சைனஸ் காலியாக இருப்பதுபோல் தோன்றும். சி.டி ஸ்கேனில் அந்தத் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சந்தேகம் வந்தால் மருத்துவர் சி.டி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து என்ன?

அறிக்கையை மருத்துவரிடம் காட்டி, "ஒரு பக்கமா, இரு பக்கமா? எலும்பு சரியா இருக்கா?" என்று கேளுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டை நிபுணர் மெல்லிய கேமராவை மூக்கினுள் செலுத்திப் பார்ப்பார். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால், பொது மருத்துவமனையில் சிங்கப்பூரர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு.

பார்வை திடீரென மங்கினாலோ, காய்ச்சலுடன் கண் வீங்கினாலோ சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.