கலங்கல் போகும் நீச்சல்குளம்

அறையில் பையை வைத்த கையோடு பிள்ளைகள் நீச்சல்குளத்துக்கு ஓடிவிட்டார்கள். நானும் அத்தையும் கரையில் டீயோடு உட்கார்ந்தோம். மகாபலிபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற கடலோர ஓட்டல் அது. குளத்துக்கு அந்தப் பக்கம் சுவரே தெரியவில்லை. தண்ணீர் நேராகப் போய்க் கடலில் கலக்கிற மாதிரி இருந்தது. அத்தை மதுராந்தகத்துக்காரர், ஏரிக்கரையில் வளர்ந்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கலங்கல் போற மாதிரியில்ல போவுது! இவ்ளோ நல்ல தண்ணிய கடல்ல விடறாங்களே?” என்றார்.

இன்ஃபினிட்டி பூலை முதல்முறை பார்க்கிற பலரும் நினைப்பது இதைத்தான். அத்தை சொன்னதில் பாதி சரி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலேதான் அது. தண்ணீர் போய்ச் சேரும் இடம்தான் வேறு.

கையில் இருப்பது டீயானாலும், டபரா டம்ளரை நினைத்துக்கொள்வோம். டம்ளர் விளிம்புவரை நிரம்பிவிட்டது. இன்னும் ஊற்றினால் வழிவது டபராவுக்குள்தான், மேஜையில் அல்ல. டபராவிலிருந்து எடுத்து மறுபடி டம்ளரில் ஊற்றிக்கொண்டே இருந்தால்? டம்ளர் எப்போதும் நிறைந்தே இருக்கும், ஒரு சொட்டும் வீணாகாது. இந்தக் குளத்தின் விளிம்புக்குப் பின்னால், கொஞ்சம் தாழ்வாக, நம் கண்ணில் படாமல் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வழிகிற தண்ணீர் அதில் விழுந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து மோட்டார் இழுத்து, மணல் வடிகட்டியில் விட்டுச் சுத்தமாக்கி, குளத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

அந்தத் தொட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற ஆள் ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளிவிடுகிறார். சராசரி 50 கிலோ என்று 20 பேர் இறங்கினால் 1,000 லிட்டர். அவ்வளவும் ஒரே நேரத்தில் விளிம்பு தாண்டும். தாங்கிக்கொள்ள இடம் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஏறிப் போனால் குளம் இறங்கிவிடும்; அப்போது கொடுக்கவும் தண்ணீர் இருக்க வேண்டும். ‘பேலன்ஸ் டேங்க்’ என்பது இதைத்தான். உண்மையான இழப்பு வேறு வழியில் நடக்கிறது. 60 சதுர மீட்டர் குளத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 300 லிட்டர் போச்சு. அத்தை கோபப்பட வேண்டுமென்றால் வெயில்மேல்தான் படவேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது கொத்தனாரின் வேலை. விளிம்பில் வழிவது சில மில்லிமீட்டர் கனத் தண்ணீர்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டியும் ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் தூக்கிவிட்டால், அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும்; மாயம் கலைந்துவிடும்.

சரி, கடலோடு ஒட்டியது போல ஏன் தெரிகிறது? நாம் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் இருக்கிற மணல், சவுக்கு, மதில் எல்லாவற்றையும் விளிம்பு மறைத்துவிடுகிறது. அதற்கு மேலே கண்ணுக்குக் கிடைப்பது கடல் மட்டும். இப்படிச் சாய்வாகப் பார்க்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். குளமும் கடலும் ஒரே வானத்தைக் காட்டுவதால் நிறமும் ஒன்றாகிவிடுகிறது. மதுரையில் ஒரு கிளப் கட்டிக்கொடுத்த இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, அஹுங்கல்லையில் 1981-இல் முடித்த ஓட்டலில் இந்த வித்தையை வாசலிலிருந்தே தொடங்கினார்: உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு நீர்த்தடாகம், நீச்சல்குளம், கடல் மூன்றும் ஒரே வரிசை.

உயரம் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். சட்டை மாற்ற மேலே போன சின்னவன் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து கத்தினான்: “பாட்டி! இங்கேர்ந்து பாத்தா வாய்க்கா தெரியுது!”

அத்தை அதை நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ராத்திரி சாப்பிட்டுத் திரும்பும்போது மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் விளிம்போடு நின்றுபோய், கறுப்புக் கல் ஒரு கோடாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. “கலங்கல் நின்னுடுச்சு” என்றார் அத்தை. “மேல எங்கியும் மழை இல்ல போல.”